குவாகா: பாதி உடம்பில் மட்டும் வரி போட்ட வரிக்குதிரை எப்படிக் காணாமல் போனது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குவாகா என்றால் என்ன?

தென்னாப்பிரிக்காவில் மட்டும் வாழ்ந்த ஒரு வரிக்குதிரை. ஆப்பிரிக்காவில் இன்று அதிகம் காணப்படும் சமவெளி வரிக்குதிரையின் தெற்குக் கோடிக் கிளையினம் இது. கடைசிக் குவாகா 1883 ஆகஸ்ட் 12 அன்று நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் மிருகக்காட்சிசாலையில் செத்தது. உயிரோடு பார்த்தவர் என்று சொல்லிக்கொள்ள இன்று யாரும் இல்லை. இருந்தாலும், அழிந்துபோன விலங்குகளில் இதைப் போலத் திரும்பத் திரும்பப் பேசப்படுபவை குறைவு. ஏன் என்பது கீழே உள்ள பதில்களில் தெரியும்.

பார்க்க எப்படி இருக்கும்?

முன்பாதி வரிக்குதிரை, பின்பாதி சாதாரணக் குதிரை என்று சொல்லிவிடுவார்கள். கிட்டத்தட்ட சரி. ஆனால் நடுவில் கோடு கிழித்தாற்போல நின்றுவிடாது. முகத்திலும் கழுத்திலும் அடர்ந்த வரிகள் இருக்கும். நிமிர்ந்து நிற்கும் பிடரி மயிரிலும் அதே வரி தொடரும். தோளைத் தாண்டியதும் வரிகள் மங்கும், அகலும், ஒன்றோடொன்று கரையும். விலாவுக்கு வரும்போது வெறும் செம்பழுப்பு நிறம்தான் மிஞ்சும். வயிறும் கால்களும் வாலும் வெள்ளை. முதுகுத்தண்டின் மேல் ஒரு கருங்கோடு வால்வரை ஓடும்.

இதுவும் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. அருங்காட்சியகங்களில் எஞ்சியிருக்கும் தோல்களை வரிசையாகப் பார்த்தால் ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. சிலவற்றில் வரி கழுத்தோடு முடிகிறது, சிலவற்றில் விலா வரை வருகிறது. தோள் உயரம் ஏறக்குறைய 125 முதல் 135 சென்டிமீட்டர். நம்மூர் மட்டக்குதிரை அளவு என்று வைத்துக்கொள்ளலாம்.

எங்கே வாழ்ந்தது?

தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் உள்ள கரூ என்ற வறண்ட நிலத்திலும், அதற்கு வடகிழக்கே ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தின் தென்பகுதிப் புல்வெளியிலும். பொதுவாக 30 முதல் 50 வரை சேர்ந்த மந்தைகளாக மேயும். கறுப்பு வில்டபீஸ்ட் மான்களும் தீக்கோழிகளும் குவாகாக்களும் ஒன்றாக மேய்ந்ததாகப் பழைய பயணிகள் எழுதியிருக்கிறார்கள். அந்தக் கூட்டணியில் ஒருவருக்கொருவர் காவல்: தீக்கோழிக்கு உயரமும் பார்வையும், மற்றவற்றுக்கு மோப்பமும் காதும்.

மற்ற வரிக்குதிரைகளுக்கு உடம்பு முழுக்க வரி இருக்க, இதற்கு மட்டும் ஏன் இல்லை?

வரி எதற்கு என்ற கேள்விக்கு இன்று வலுவாக நிற்கும் பதில், கடிக்கும் ஈக்கள். இங்கிலாந்தில் சாதாரணக் குதிரைகளுக்கு வரி போட்ட போர்வையைப் போர்த்திப் பார்த்தார்கள். ஈக்கள் கிட்டே வந்தன, ஆனால் சரியாக உட்கார முடியாமல் தடுமாறின. 2019இல் வெளியான ஆய்வு அது. ஆப்பிரிக்காவில் வடக்கே, வெப்பமும் ஈயும் அதிகமுள்ள இடங்களில், சமவெளி வரிக்குதிரைகளுக்கு வரி அடர்த்தி. தெற்கே குளிர் கூடக் கூட வரி குறைந்துகொண்டே வருகிறது. அந்த வரிசையின் கடைசியில் நின்றது குவாகா.

பெயர் எங்கிருந்து வந்தது?

அந்த மண்ணின் கோய்கோய் மக்கள் வைத்த பெயர். அது கத்தும் சத்தமே பெயராயிற்று. "க்வா-ஹா-ஹா" என்பது போலக் கத்தும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இந்தப் பெயரே பிறகு அதற்கு எமனாக வந்த கதை கொஞ்சம் கீழே இருக்கிறது.

ஐரோப்பியர்களுக்கு எப்போது தெரிய வந்தது?

1758இல் ஜார்ஜ் எட்வர்ட்ஸ் என்ற ஆங்கிலேய ஓவியர் ஒரு குவாகாவை வரைந்து வெளியிட்டார். அதை வேறு வகை என்று அவர் நினைக்கவில்லை, வரிக்குதிரையின் பெட்டை என்று நினைத்தார். 1785இல்தான் டச்சு இயற்கையியலாளர் போடார்ட் அறிவியல் பெயர் சூட்டினார்.

அந்தக் காலத்தில் அரசர்களுக்கு அரிய விலங்குகளைச் சேர்ப்பது ஒரு பெருமை. பிரான்சின் பதினாறாம் லூயி வெர்சாய் அரண்மனையில் ஓர் ஆண் குவாகாவை வைத்திருந்தார். புரட்சி வந்தது, 1793இல் அரசரின் தலை போனது. குவாகா பிழைத்துக்கொண்டு பாரிஸ் விலங்குக் காட்சியகத்துக்குக் குடிபெயர்ந்து இன்னும் ஐந்தாண்டு வாழ்ந்தது. நிக்கோலா மரேஷால் அதை 1793இல் வரைந்த படம்தான் இன்றும் பல கட்டுரைகளில் வருகிறது.

குதிரை மாதிரி பழக்க முடிந்ததா?

முடிந்தது என்றே தெரிகிறது. வரிக்குதிரைகளிலேயே சாதுவானது என்று இதற்கு ஒரு பெயர் இருந்தது. 1820களில் லண்டனில் பார்க்கின்ஸ் என்ற ஷெரீஃப் இரண்டு குவாகாக்களை வண்டியில் பூட்டி ஹைட் பூங்காவில் ஓட்டிப் போனார். கேப் பகுதி விவசாயிகள் சிலர் ஆடுமாடுகளோடு சேர்த்து வளர்த்தார்கள். வேற்று ஆளோ விலங்கோ வந்தால் கத்தி, காலால் உதைத்து விரட்டிவிடுமாம். காவலுக்குப் பழக்கிய விலங்கைத்தான் பிறகு சுட்டுத் தள்ளினார்கள் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மார்ட்டன் பிரபுவின் குதிரை பற்றி எங்கோ படித்தேன். அது என்ன?

ஸ்காட்லாந்தின் மார்ட்டன் பிரபுவுக்குக் குவாகாவைக் குதிரைபோல வளர்க்கும் ஆசை. கிடைத்தது ஓர் ஆண் மட்டும். அதை ஒரு பழுப்பு நிறப் பெண் குதிரையோடு சேர்த்தார், கலப்புக் குட்டி பிறந்தது. பிறகு அதே பெண் குதிரை வேறொருவரிடம் போய், கறுப்பு அரபுக் குதிரையோடு சேர்ந்து குட்டி போட்டது. அந்தக் குட்டிகளின் கால்களிலும் லேசான வரிகள்! முதல் துணையின் சாயல் பின்னால் பிறக்கும் குட்டிகளுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று முடிவு கட்டி, 1821இல் லண்டனின் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்தின் இதழில் வெளியிட்டார்கள்.

டார்வின் வரைக்கும் பெரிய ஆட்கள் இதை நம்பினார்கள். அந்த நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்தின் கோசர் யூவார்ட் என்ற விலங்கியலாளர் வரிக்குதிரைகளையும் குதிரைகளையும் வைத்துத் திரும்பச் செய்து பார்த்து, அப்படி எதுவும் இல்லை என்று காட்டினார். வரிக்குதிரையைப் பார்த்தே இராத சாதாரணக் குதிரைக்கும் சில நேரம் காலில் வரியோடு குட்டி பிறக்கும். அவ்வளவுதான் விஷயம்.

சரி, எப்படி அழிந்தது?

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1652இல் கேப் முனையில் குடியேற்றத்தை அமைத்தது. கப்பல்களுக்குக் காய்கறி, இறைச்சி ஏற்றித் தருவதற்கான இடம். அங்கிருந்து ஆடுமாடு ஓட்டிக்கொண்டு உள்நாட்டுக்குப் போன டச்சு வழிக் குடியானவர்கள்தான் போயர்கள். அவர்கள் போன பாதையும் குவாகாவின் மேய்ச்சல் நிலமும் ஒன்றாக இருந்தது. கரூவில் மழை குறைவு, புல் குறைவு, நீர்நிலை அதைவிடக் குறைவு. வறட்சியில் ஓர் ஊற்றுக்கு ஆட்டு மந்தையும் வரும், குவாகா மந்தையும் வரும். ஆட்டுக்காரன் கையில் துப்பாக்கி இருந்தது.

புல்லுக்குப் போட்டி என்பது ஒரு காரணம். சுட்ட குவாகா வீணாகவில்லை என்பது இன்னொன்று. பண்ணை முதலாளிகள் குவாகாக் கறியை அவ்வளவாக விரும்பவில்லை. பண்ணையில் வேலை செய்த கோய்கோய் ஆட்களுக்கு அதைப் போட்டார்கள். வளர்க்கிற ஆட்டைக் கொல்லாமல் கூலியாட்களுக்குச் சோறு போட இது ஒரு மலிவான வழி. தோலைத் தானிய மூட்டைகளாகத் தைத்தார்கள், செருப்புக்கும் பயன்படுத்தினார்கள்.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் இது வீட்டு உபயோகத்தைத் தாண்டி வியாபாரமாகிவிட்டது. தோலுக்கு வெளிநாட்டில் விலை கிடைத்தது. காட்டு விலங்குத் தோலை வண்டி வண்டியாகத் துறைமுகத்துக்கு ஏற்றினார்கள். கேப் பகுதியின் தெற்கே குவாகா முதலில் தீர்ந்தது, ஃப்ரீ ஸ்டேட் பக்கம் இன்னும் கொஞ்ச காலம் நீடித்தது.

மூன்றாவது காரணத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இது வாழ்ந்த இடம் சின்னது. சமவெளி வரிக்குதிரையின் மற்ற கிளைகள் கிழக்கு ஆப்பிரிக்கா வரை பரந்து கிடந்தன. ஓரிடத்தில் வேட்டை கடுமையானால் வேறிடத்தில் பிழைத்தன. குவாகாவுக்கு அந்த வசதி இல்லை. தெற்கே கடல், மற்ற பக்கம் பண்ணைகள்.

இதற்கு மேல் 1870களின் பிற்பகுதியில் கடும் வறட்சி. நம் பக்கத்தில் தாது வருடப் பஞ்சம் என்று பாட்டிமார் சொல்வார்களே, 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கியது, அதே ஆண்டுகளில் தென்னாப்பிரிக்காவிலும் மழை பொய்த்தது. காட்டில் கடைசியாக 1878 வாக்கில் சுடப்பட்டதாகக் கணக்கு.

கடைசிக் குவாகா எது?

ஆம்ஸ்டர்டாமின் ஆர்ட்டிஸ் மிருகக்காட்சிசாலைக்கு 1867 மே 9 அன்று வந்து சேர்ந்த ஒரு பெட்டை. பதினாறு ஆண்டு அங்கே இருந்தது. 1883 ஆகஸ்டில் செத்தபோது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒன்று போய்விட்டது, வேறொன்று வேண்டும் என்று தென்னாப்பிரிக்காவுக்குக் கேட்டு எழுதினார்கள். இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் கிடைக்கும் என்று அங்கிருந்த வேட்டைக்காரர்களும் நம்பினார்கள். உள்ளே எதுவும் இல்லை.

ஒரு விலங்கே இல்லாமல் போனது யாருக்கும் எப்படித் தெரியாமல் போகும்?

இந்தக் கதையில் என்னை அதிகம் உறுத்துவது இந்த இடம்தான். கேப் பகுதியில் டச்சு பேசியவர்கள் எல்லா வரிக்குதிரைக்கும் "குவாகா" என்றே சொன்னார்கள். முழு வரி போட்டதும் குவாகா, அரை வரி போட்டதும் குவாகா. வடக்கே போன வேட்டைக்காரர் திரும்பி வந்து "நூற்றுக்கணக்கில் குவாகா பார்த்தேன்" என்றால் அவர் பொய் சொல்லவில்லை. பார்த்தது வேறு வரிக்குதிரை.

ஆக, உண்மையான குவாகா ஒவ்வொரு மாவட்டமாக மறைந்துகொண்டிருந்தபோதும் பேச்சில் மட்டும் குறையவே இல்லை. எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க ஆளும் இல்லை. கேப் அரசு வேட்டைச் சட்டத்தில் குவாகாவையும் சேர்த்துப் பாதுகாப்புக் கொடுத்தது 1886இல். ஆம்ஸ்டர்டாமில் கடைசியது செத்து அப்போது மூன்றாண்டு. அழிந்துவிட்டது என்பது சர்வதேச அளவில் ஏற்கப்படுவதற்கு 1900 ஆகிவிட்டது.

மிருகக்காட்சிசாலைகளில் இருந்தவற்றை வைத்தாவது இனத்தைக் காப்பாற்றியிருக்கலாமே?

இன்றைக்குச் சொல்லலாம். 1867இலிருந்து 1872 வரை லண்டன், பெர்லின், ஆம்ஸ்டர்டாம் என்று மூன்று ஊர்களில் குவாகா இருந்தது. லண்டனில் இருந்தது 1872இலும், பெர்லினில் இருந்தது 1875இலும் செத்தன. லண்டனில் இருந்ததும் ஆம்ஸ்டர்டாமில் இருந்ததும் பெட்டைகள். அந்தக் காலத்து மிருகக்காட்சிசாலை என்பது வேடிக்கை காட்டும் இடம். செத்தால் அடுத்த கப்பலில் இன்னொன்று வரும் என்பதுதான் அவர்கள் கணக்கு.

புகைப்படம் இருக்கிறதா?

இருக்கிறது, ஐந்து. ஐந்தும் ஒரே குவாகாவின் படங்கள்: லண்டனில் இருந்த பெட்டை. 1860களிலும் 1870 வாக்கிலும் எடுத்தவை. உயிரோடு புகைப்படம் எடுக்கப்பட்ட குவாகா இது ஒன்றுதான்.

பக்கவாட்டில் நிற்கும் படத்தை ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள். கழுத்தில் வெளிர் நிறக் கோடுகள் தெளிவாகத் தெரியும், தோளுக்குப் பின் தேடவேண்டியிருக்கும். வயிறு நன்றாகத் தொங்கிக் கிடக்கிறது, தீனிக்குக் குறைவில்லை போல. அந்தப் பெட்டையின் தோல் இன்று எடின்பரோவில், எலும்புக்கூடு அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில்.

வேறு என்ன மிஞ்சியிருக்கிறது?

பாடம் செய்த உடல்கள் உலகம் முழுவதும் 23. பெரும்பாலானவை ஐரோப்பாவில். இன்னொன்று அன்றைய ஜெர்மனியின் கோனிக்ஸ்பெர்க்கில் இருந்தது, இரண்டாம் உலகப் போரில் அழிந்தது. முழு எலும்புக்கூடுகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. லண்டனின் கிரான்ட் அருங்காட்சியகத்தில் ஒன்றைப் பார்க்கலாம்.

சொந்த நாட்டில் இருப்பது ஒன்றே ஒன்று: கேப்டவுன் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு குட்டி.

அழிந்த விலங்கில் முதலில் டிஎன்ஏ எடுத்தது குவாகாவில்தான் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. அதற்குக் காரணம் ஒரு பாடம் செய்பவரின் எரிச்சல் என்றே சொல்லலாம். ரைன்ஹோல்ட் ராவ் ஜெர்மனியில் பிறந்தவர், கேப்டவுன் அருங்காட்சியகத்தில் விலங்குகளைப் பாடம் செய்யும் வேலை. அங்கிருந்த குட்டியை யாரோ அரைகுறையாகத் தைத்து வைத்திருந்தார்கள். ராவ் 1969இல் அதைப் பிரித்து ஒழுங்காகச் செய்ய உட்கார்ந்தார். தோலை உள்பக்கம் திருப்பியபோது காய்ந்த சதைத் துணுக்குகள் ஆங்காங்கே ஒட்டிக்கொண்டிருந்தன. நல்ல கைகாரர் என்றால் முதலிலேயே சுரண்டி எடுத்திருப்பார். வேலை மோசமாக நடந்ததால் சதை தப்பியது. ராவ் அதைத் தூக்கி எறியவில்லை.

பிறகு ஜெர்மனியின் மைன்ஸ் நகர அருங்காட்சியகத்தில் உள்ள குவாகாக்களைத் திரும்பப் பாடம் செய்யப் போனபோதும் அப்படியே சதைத் துணுக்குகள் கிடைத்தன. அது கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ரஸ்ஸல் ஹிகுச்சி, ஆலன் வில்சன் குழுவினர் அதிலிருந்து 229 எழுத்து நீளமுள்ள டிஎன்ஏவைப் படித்து 1984இல் வெளியிட்டார்கள். இன்றைய அளவில் அது ஒன்றுமில்லை. ஆனால் செத்து நூறாண்டு கடந்த தோலில் மரபணு மிஞ்சியிருக்கும் என்பதே அன்றைக்குப் புதுச் செய்தி. மாமத் யானை, நியாண்டர்தால் மனிதன் என்று பின்னால் வந்த ஆராய்ச்சிக்கெல்லாம் வாசல் இதுதான்.

குவாகா தனி இனமா, இல்லையா?

தனி இனம் இல்லை. நெடுங்காலம் தனி இனம் என்றுதான் எண்ணினார்கள், சிலர் குதிரைக்கு நெருக்கம் என்றும் வாதிட்டார்கள். டிஎன்ஏ அந்த வாதத்தை முடித்துவைத்தது. 2005இல் வந்த ஓர் ஆய்வு, சமவெளி வரிக்குதிரைகளிலிருந்து குவாகா பிரிந்தது 1,20,000 முதல் 2,90,000 ஆண்டுகளுக்கு முன்புதான் என்றது. 2018இல் மரபணுத் தொகுதியைப் பரவலாகப் பார்த்தவர்கள், கிளையினம் என்று சொல்வதே சந்தேகம், வடக்கிலிருந்து தெற்குவரை படிப்படியாக மாறிவரும் ஒரே கூட்டத்தின் தெற்கு முனை என்றார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. முதலில் சூட்டிய பெயருக்கே முன்னுரிமை என்பது விலங்கியல் விதி. போடார்ட் 1785இல் வைத்த பெயர் மற்றவற்றைவிட மூத்தது. ஆகவே இன்று உயிரோடு திரியும் சமவெளி வரிக்குதிரை அனைத்துக்கும் அறிவியல் பெயர் ஈக்வஸ் குவாகா. போயர்கள் எல்லாவற்றையும் குவாகா என்று அழைத்தது கடைசியில் அதிகாரபூர்வமாகவே ஆகிவிட்டது.

குவாகாவைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று செய்தி பார்த்தேன். நிஜமா?

அதே ராவ் 1987இல் தொடங்கிய திட்டம் அது. நமீபியாவின் எட்டோஷாவிலிருந்து, பின்பாதியில் வரி குறைவாக உள்ள ஒன்பது வரிக்குதிரைகளைக் கொண்டுவந்தார். அவற்றின் குட்டிகளில் வரி இன்னும் குறைந்தவற்றைத் தேர்ந்தெடுத்து மீண்டும் இனப்பெருக்கம். மாட்டில் நல்ல ஜாதியைத் தேர்ந்தெடுத்துப் பெருக்குவதுபோலத்தான், ஆய்வகம் எதுவும் கிடையாது. முதல் குட்டி 1988இல் பிறந்தது. 2005இல் பிறந்த ஹென்றி என்ற மூன்றாம் தலைமுறைக் குட்டி, பார்த்தவர்களை நிமிர்ந்து உட்கார வைத்தது. ராவ் 2006இல் காலமானார். இன்று கேப் பகுதியின் சில பண்ணைகளிலும் காப்பகங்களிலும் இவை மேய்கின்றன, பின்பாதி வெறுமையாக, வெள்ளைக் காலோடு. பழுப்பு நிறம் வரக் கொஞ்சம் தாமதித்தது.

இது குவாகாதானா? ராவின் வாதம் எளிமையானது: இரண்டும் ஒரே இனம், வித்தியாசம் தோலில் மட்டும், தோல் வந்துவிட்டால் விலங்கு வந்துவிட்டது. எதிர்ப்பவர்கள், தோலில் தெரியாத தகவமைப்புகள், கரூவின் குளிருக்கும் வறட்சிக்கும் ஏற்றவை இருந்திருக்கும், அவை போய்விட்டன என்கிறார்கள். திட்டத்தாரே இதை "ராவ் குவாகா" என்று தனிப்பெயரில் அழைப்பது எனக்கு நேர்மையாகப் படுகிறது. அந்தப் பெயரோடு நிறுத்திக்கொண்டால் சண்டைக்கே இடமில்லை. "உயிர்த்தெழுந்த குவாகா" என்று தலைப்புப் போடுவது பத்திரிகை வேலை.

பழைய தோலிலிருந்து குளோனிங் செய்ய முடியாதா?

முடியாது. குளோனிங்குக்கு முழுசான உயிரணு வேண்டும். தோலில் இருப்பது நொறுங்கிய துண்டுகள்.

அதே பகுதியில் பிழைத்துக்கொண்ட வரிக்குதிரை எதுவும் இல்லையா?

உண்டு. கேப் மலை வரிக்குதிரை. இது வேறு இனம், கழுத்தடியில் சிறிய தொங்கு சதை இருக்கும். அதையும் இதே துப்பாக்கிகள்தான் துரத்தின, எண்ணிக்கை நூறுக்கும் கீழே வந்துவிட்டது. 1937இல் கிராடாக் ஊருக்குப் பக்கத்தில் அதற்கென்றே ஒரு தேசியப் பூங்கா அமைத்தார்கள். ஆரம்பத்தில் அதில் இருந்தவை ஐந்து ஆண், ஒரு பெண். 1950இல் ஆண்கள் இரண்டே மிஞ்சியிருந்தன, பெண் இல்லை. பூங்கா தோற்றுவிட்டது என்ற நிலையில், பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் தன் நிலத்தில் விட்டு வைத்திருந்த 11 வரிக்குதிரைகளைக் கொடுத்தார். இன்று அந்தப் பூங்காவிலும் பிற காப்பகங்களிலுமாக ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அந்த 11 வரிக்குதிரைகளைப் போல விட்டு வைக்கப்பட்ட குவாகா மந்தை எந்தப் பண்ணையிலும் இருக்கவில்லை.